ஹாலில் ஒரு கொக்கி

உடற்பயிற்சி ஸ்டூடியோவை வைட்ஃபீல்டுக்கு மாற்றப்போவதாகப் பார்கவி மேடம் சொன்னபோது, ஐயோ வேலை போகிறதே என்று விஜிக்குத் தோன்றவில்லை. வேலைக்கு என்ன, எங்கேயாவது கிடைக்கும். ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பெங்களூரில் ஆள் தேவைப்படாத நாளே கிடையாது. வளையம் போகிறதே என்றுதான் அவளுக்கு இருந்தது.

மெட்ரோ ரயில் வருகிறதென்று சி.எம்.எச். ரோட்டில் பாதிக் கட்டடங்களின்மேல் சிவப்பு மையால் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டூடியோ இருந்த கட்டடத்திலும் குறி விழுந்தது. பார்கவி மேடத்துக்கு வைட்ஃபீல்டில் பெரிய இடம் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் உடம்பை வளைக்க ஆசையும் வசதியும் இருக்கிறது. விஜியையும் வரச் சொன்னாள். ஜோகுபாளையத்திலிருந்து வைட்ஃபீல்டுக்குப் போய்க் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பதென்றால் முதல் நாளே கிளம்பியாக வேண்டும். விஜி சிரித்துவிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் மேடம் என்றாள்.

வளையம் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இரும்புக் குழாயை வட்டமாக வளைத்து, மேலே துணிப்பட்டை சுற்றி, கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குள் ஏறி உட்காரலாம். முழங்காலை மடக்கி மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கலாம். சர்க்கஸில் பெண்கள் செய்வதைப் பார்த்திருப்போம். இங்கே அதையே காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மழைநாளில் வகுப்புக்கு யாரும் வரவில்லை. பார்கவி மேடம் சும்மா நின்றுகொண்டிருந்தவள், "நீ ஒரு தடவை ஏறிப் பாரேன் விஜி" என்றாள். துப்பட்டாவை மேஜைமேல் போட்டுவிட்டு விஜி ஏறினாள்.

அது அவளுக்கு மூன்றாவது தடவையும் கரு தங்காமல் போயிருந்த சமயம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதுவரை அவள் உடம்பு என்பது ஊசிக்கும் ஸ்கேனுக்கும் காட்டுகிற உடம்பாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு நலம் விசாரிக்கிற உடம்பாக இருந்தது. அந்த உடம்பு தன்னைத் தானே தூக்கிக்கொண்டு வளையத்துக்குள் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கை வலிக்கிறதா என்று பார்கவி மேடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள் விஜி.

அன்றிலிருந்து கூட்டம் வருவதற்கு முன்னால் தினமும் கொஞ்ச நேரம் வளையம் அவளுக்கு. அன்றிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் முனிகிருஷ்ணனிடம் மட்டும், டாக்டர் கொஞ்ச நாள் உடம்புக்கு ரெஸ்ட் கொடுக்கச் சொன்னார் என்றாள். அவன் தலையாட்டினான். பீன்யாவில் ஒரு பட்டறையில் அவன் ஃபிட்டர். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வருகிறவன். வீட்டுக்குள் நுழையும்போதே பாதித் தூக்கத்தில் நுழைவான். அவனிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் தெம்பு இருக்கும். அவளுக்கும் விவரித்துச் சொல்ல அதற்குமேல் தெம்பு இருந்ததில்லை. இரண்டு களைத்த மனிதர்கள் ஒரு வீட்டில் இருந்தால் சண்டை வராது, பேச்சும் வராது.

ஸ்டூடியோ மூடுகிற செய்தி வந்த அன்று அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அந்த வளையத்த நம்ம வீட்டுலயே மாட்டிக்கலாமா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "சர்க்கஸ் வளையமா?"

"ஆமா. எனக்கு அது வேணும்."

வேணும் என்று அவள் எதையும் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கேட்கத் தெரியாதவள் இல்லை, கேட்கிற களைப்பே வேண்டாம் என்று விட்டவள். முனிகிருஷ்ணன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். "முதுகு வலி கம்மியாச்சுன்னு சொன்னல்ல? மாட்டிக்க. ஃபேன கழட்டிட்டு அதுலயே மாட்டிரலாம்" என்றான்.

ஃபேன் கொக்கியில் மாட்டுவதா என்று பார்கவி மேடம் மறுநாள் பதறிப்போனாள். ஃபேன் சும்மா சுற்றும், மனுஷி ஆடுவாள், ஆடும்போது கனம் மூன்று மடங்காக இழுக்கும், தலைமேல் கூரையோடு வந்துவிடும் என்றாள். கான்கிரீட்டில் துளை போட்டுத் தனியாகக் கொக்கி இறக்க வேண்டும். கீழே மெத்தை போட வேண்டும். வளையத்தைக் கண்டபடி வாங்கக் கூடாது. உட்கார்ந்தால் தலை மேல்குழாயில் இடிக்காமல் இருக்க வேண்டும், பிடித்தால் விரல்கள் குழாயைச் சுற்றி வர வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, புதிதாக வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலை இவ்வளவு ஆகும் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வேண்டாமென்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் சிவாஜிநகருக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் விளையாட்டுச் சாமான் கடை. கேரம் போர்டும் கர்லாக்கட்டையும் வாசல்வரை அடைந்துகிடந்தன. கடைக்காரர் தாடிக்குள் சிரித்தபடி, "இன்னா மேடம், பச்சோங்களுக்கா, சின்னப் பசங்களுக்கா?" என்றார்.

"எனக்குத்தான் பாய். வளையம். தொங்குறது."

அவர் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை எடுத்து இடுப்பைக் காட்டினார். இது இல்லை, இரும்பு என்றாள். பேஸ்கட்பால் வளையம் வந்தது. இதுவும் இல்லை, நான் உள்ளே உட்காருவேன் என்றாள். பாய் வளையத்தையும் அவளையும் மாறி மாறி அளந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊஞ்சலுக்கு பர்னிச்சர் கடைக்கிப் போங்க மேடம், பிரம்புல நல்லா மஜாவா கெடைக்கும்" என்றார். அவர்மேல் தப்பில்லை. சேலை கட்டி, தோளில் டிபன் பை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற பெண்பிள்ளை வளையத்தில் தலைகீழாகத் தொங்கப்போகிறாள் என்று அவர் எதைக் கொண்டு யோசிப்பார்?

வெளியே வந்தால் கறிக்கடை வரிசையின் வாடையும் கூட்டமும் முகத்தில் அடித்தன. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எதற்கு இந்த வயதில் இதெல்லாம் என்று ஒரு சலிப்பு வந்தது. முப்பத்தைந்து வயதில் மற்றவர்கள் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள். இவள் வளையம் தேடி அலைகிறாள். விட்டுவிடலாம் என்றே நினைத்தாள். ஆனால் விட்டுவிட்டால் காலையில் எழுந்து எதற்காகப் பல் தேய்ப்பது என்றும் தெரியவில்லை.

முனிகிருஷ்ணன் ஒரு முயற்சி செய்தான். பக்கத்துப் பட்டறையில் கிரில் கேட்டுக்கு வளைக்கிற மெஷினில் ஒரு குழாயைக் கொடுத்து வட்டமாக்கிக்கொண்டு வந்தான். பீன்யாவிலிருந்து பஸ்ஸில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட்டுக்கு வாதாடிக்கொண்டு, வியர்த்து வழிய வந்து சேர்ந்தான். குழாய் அவள் கையில் பாதிதான் அடங்கியது. வட்டமும் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் சப்பிப்போய் முட்டையாக இருந்தது.

"சரியில்லையா?" என்றான்.

"பரவால்ல" என்றாள்.

"பரவால்லன்னா சரியில்லன்னுதான அர்த்தம்" என்று சொல்லி அவனே சிரித்துவிட்டான். வெகுநாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வளையம் மொட்டை மாடிக்குப் போனது. வீட்டுக்கார அம்மா மரியா அதில் பாகற்கொடியை ஏற்றிவிட்டாள்.

கடைசியில் வழி பார்கவி மேடத்திடமிருந்தே வந்தது. இரண்டு வளையங்களை விட்டுவிட்டுப் போகப்போகிறேன், எது வேண்டுமோ எடுத்துக்கொள், உனக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை முனிகிருஷ்ணனையும் கூட்டிக்கொண்டு போனாள் விஜி. ஜாயின்ட்டைத் தான் பார்க்காமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தான்.

ஒன்று பெரியது. போன வருஷம்தான் வாங்கியது. மேலே இரண்டு காது, இரண்டு கயிற்றில் தொங்குவது. ஆடாமல் அசையாமல் நிற்கும், வீட்டுக்கு அதுதான் நல்லது என்று மேடம் சொன்னாள். இன்னொன்று சின்னது, பழையது, ஒற்றைக் காது. எத்தனையோ பேருடைய வியர்வை ஊறி அதன் துணிப்பட்டை பழுப்பேறிப்போயிருந்தது. ஒற்றைக் கயிற்றில் தொங்குவதால் தொட்டாலே சுற்றும்.

முதலில் பெரியதில் ஏறினாள். உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஒரு முழம் இடம் இருந்தது. வசதிதான். ஆனால் கையை நீட்டினால் பக்கக் குழாய் எட்டவில்லை; யாரோ நெடிய வெள்ளைக்காரிக்குச் செய்தது. குழாயும் தடிமன். சின்னதில் ஏறியபோது கொண்டை மேலே உரசியது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். நாலு விரல் இடைவெளி. பிடித்தபோது கட்டைவிரல் மற்ற விரல்களின்மேல் வந்து அமர்ந்தது. அன்றைக்கு ஏறி அழுததும் இதில்தான். ஆனால் அதற்காக அவள் இதை எடுக்கவில்லை, கைக்கு அடங்கியதற்காகத்தான் எடுத்தாள்.

"இது" என்றாள்.

முனிகிருஷ்ணன் துணிப்பட்டையைக் கொஞ்சம் பிரித்து வெல்டிங்கைப் பார்த்தான். நகத்தால் சுற்றித் தடவினான். சின்ன ஸ்பேனரால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "நல்ல வேலை. விடாது" என்றான். பிறகு, "எங்க, ஏறு பாக்கலாம்" என்றான். அவன் அதுவரை அவளை வளையத்தில் பார்த்ததில்லை. அவள் ஏறி, முழங்காலை மாட்டி, கையை விட்டுத் தலைகீழாகத் தொங்கினாள். வளையம் மெதுவாகச் சுற்றியது. சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் தலைகீழான முனிகிருஷ்ணன், வாயைத் திறந்தபடி, தெரிந்து மறைந்தான்.

மிச்சம் இருந்தது கொக்கிதான். வீட்டுக்காரர் சின்னப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும். இது ஆம்பிளைங்க பேசுற விஷயம் என்று முனிகிருஷ்ணன் தானே கீழே இறங்கிப் போனான். விஜிக்கு நம்பிக்கை இல்லை. சின்னப்பா ரிடையர் ஆன தபால் இலாகாக்காரர். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கே ஆயிரம் கேள்வி கேட்டவர், சுவருக்கு வலிக்கும் என்பதுபோல. ஆனால் போன வேகத்தில் முனிகிருஷ்ணன் திரும்பி வந்துவிட்டான்.

"ஓகேன்னுட்டாரு."

"என்னது, உடனேவா? எதுக்குன்னு கேக்கல?"

"கேக்கல" என்றான் அவன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கேட்காவிட்டால் நல்லதாகப் போயிற்று என்று விஜி விட்டுவிட்டாள். அவன் பட்டறையிலிருந்து தடித்த ஆங்கர் போல்ட்டுகளும் துளை போடுகிற மெஷினும் கொண்டுவந்து ஹாலின் நடுவில் கொக்கியை இறக்கினான். ஒன்றுக்கு நான்கு போல்ட். அவனே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். நண்பன் முனிராஜையும் கூப்பிட்டு இரண்டு பேராகத் தொங்கினார்கள். கூரை அசையவில்லை.

அதற்குப் பிறகு கீழ்வீட்டு மரியாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. தண்ணீர் வருகிற நாளில் விஜி குடத்தைத் தூக்கினால், "வெய் கண்ணு, வெய், மோட்டார் போட்டு நான் ரொப்பித் தரேன்" என்று ஓடி வந்தாள். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வந்தது. சனிக்கிழமை கேசரி வந்தது. மாடிப்படியில் சின்னப்பா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பார்த்தால் முகத்தைச் சுளிக்கிற மனிதர், "பாத்து மா, பாத்து ஏறு" என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் இவ்வளவு பாசமோ என்று விஜிக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. அப்போது அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். நாள் முழுக்க வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு வந்தால் கால் இரண்டும் கழன்றுவிழும். பாசத்தை ஆராய்ச்சி செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது? குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வளையத்தை மாட்டுவதென்று வைத்திருந்தார்கள். அன்று காலை மாமியார் தனக்கோடி வருவதாக முதல் நாளே கே.ஜி.எஃப்பிலிருந்து போன் வந்திருந்தது. கண்ணில் புரை, காட்ட வேண்டும், மூத்த மகனுக்கு நேரமில்லை. முனிகிருஷ்ணன் கறி வாங்கச் சிவாஜிநகருக்குப் போய்விட்டான். விஜி சுடிதார் போட்டுக்கொண்டு, பஞ்சு மெத்தையைக் கொக்கிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து வளையத்தை எடுக்கக் குனிந்தாள். அப்போது கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மரியாவின் குரல் கேட்டது. பிறகு மூட்டுவலிக்காரி தனக்கோடி படிகளில் ஏறமுடியாத வேகத்தில் ஏறி வருவது கேட்டது.

"விஜி! ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஊரான் வாயாலயா நான் கேக்கணும்?"

பையைக் கீழே போட்டுவிட்டு அவள் விஜியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "எத்தினி மாசம்?" என்றாள். விஜி பதில் சொல்வதற்குள் தனக்கோடி ஹாலின் நடுவில் நிமிர்ந்து பார்த்தாள். கொக்கி தெரிந்தது. தனக்கோடி கையெடுத்து அந்தக் கொக்கியைக் கும்பிட்டாள்.

விஜிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வாடகை வீட்டு ஹாலில், கல்யாணமான பெண் இருக்கிற வீட்டில், கூரையின் நடுவில் புதிதாக ஒரு கொக்கி விழுகிறதென்றால் அது தூளி கட்டுவதற்குத்தான். வேறு எதற்கும் இந்தத் தெருவில் யாரும் கொக்கி போட்டதில்லை. ஆணிக்கு மறுக்கிற வீட்டுக்காரன்கூடத் தூளிக் கொக்கிக்கு மறுக்கமாட்டான்; மறுத்தால் பாவம் சேரும். சின்னப்பா எதற்கென்று கேட்காததில் என்ன ஆச்சரியம்? மீன் குழம்பு, கேசரி, மோட்டார் தண்ணீர் எல்லாம் அவள் வயிற்றில் இல்லாத பிள்ளைக்கு வந்திருக்கிறது. அவள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறாள்.

கோபம் வர வேண்டும். வந்தது சோர்வுதான். தனக்கோடி நாற்காலியைத் தட்டி, உக்காரு, உக்காரு, நிக்காத என்றாள். விஜி உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. மூன்று மாதம் நிம்மதியாக இருக்கலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிறகு தங்கவில்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று, அதுதான் ஏற்கெனவே பழகிய கதையாயிற்றே. அப்படி நினைத்த தன் மனத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. இவ்வளவு களைத்துப்போய்விட்டோமா?

எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து வளையத்தை இழுத்தாள். தனக்கோடி தடுப்பதற்குள் நாற்காலிமேல் ஏறிக் கயிற்றைக் கொக்கியில் கோத்து, அதன் இரும்புக் கொளுவியை மாட்டித் திருகினாள். வளையம் ஹாலின் நடுவில் தொங்கியது.

"இதுக்குத்தான் அத்தே கொக்கி. தூளிக்கி இல்ல. புள்ளயும் இல்ல."

தனக்கோடிக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "இன்னாடி வெளையாடற" என்றாள். விஜி இரண்டு கைகளாலும் கீழ்க்குழாயைப் பிடித்தாள்.

"ஐயோ, வயித்த அழுத்தாத, எறங்கு, எறங்கு!"

"வயித்துல ஒண்ணும் இல்ல அத்தே. சத்தியமா."

ஏறி உட்கார்ந்தாள். வளையம் பாதி சுற்றி நின்றது. தனக்கோடி அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். கும்பிட்ட கைகள் எப்போதோ இறங்கியிருந்தன. புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "எம் புள்ளதான போயி சொல்லி இருக்கான்" என்றாள் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் களைத்தவள்தான்.

முனிகிருஷ்ணன் கறிப் பையோடு உள்ளே வந்தபோது அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள், மனைவி அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"தூளின்னா சொன்னீங்க?" என்று கேட்டாள் விஜி.

"சொல்லல" என்றான் அவன். "கொக்கி ஒண்ணு போடணும் சார்னுதான் சொன்னேன். அவரு நாக்காலிய விட்டு எழுந்து வந்து என் கையப் புடிச்சிக்கினாரு. உள்ள திரும்பி மரியா, மரியான்னு கூப்புடறாரு. நான் இல்ல சார்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "வரல விஜி. ஒருத்தரும் எனக்கு அப்பிடிக் கைய குடுத்ததில்ல. அப்புறம் யோசிச்சேன், பொய்யும் இல்லியே, டாக்டரு ரெஸ்ட்டுன்னுதான சொல்லி இருக்காரு, நாளைக்கி ஆச்சுன்னா இதே கொக்கில தூளியும் கட்டலாமேன்னு. அதான் நாலு போல்ட்டு போட்டேன்."

விஜி வளையத்தின் பக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். இனி இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. "டாக்டர் சொல்லல. நானாத்தான் நிறுத்திட்டேன். மழைக்காலத்துலேருந்தே போகல. இனிமேயும் போகமாட்டேன். என்னால முடியல."

 கறிப் பையிலிருந்து தரையில் சொட்டியது. தனக்கோடி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான் முனிகிருஷ்ணன்.

"சொன்னா சரின்னுதான் சொல்லி இருப்பீங்க. அப்புறம் உங்க மூஞ்சிய நான் தெனம் பாக்கணுமே."

அந்த மூஞ்சியைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிற முகம். இறங்கிப் போய் அவன் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. இறங்கினால் மறுபடி ஏறமாட்டோம் என்றும் தெரிந்தது. அவன் மூஞ்சிக்காகவே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான் எல்லாமே கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறது.

"கீழ போயி சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"சொல்றேன். நாளைக்கி..."

"இன்னிக்கி. அவங்க குழம்ப இனிமே என்னால முழுங்க முடியாது."

"கொக்கிய எடுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா சொல்லட்டும். நீங்க போங்க."

அவன் போனான். ஒவ்வொரு படியாக இறங்குவது கேட்டது. விஜி முழங்காலை மடக்கிக் குழாயில் மாட்டிக்கொண்டாள். மெல்லப் பின்னால் சாய்ந்து கையை விட்டாள். பின்னல் மெத்தையைத் தொட்டது. முழங்காலுக்குப் பின்னால் குழாய் கடித்தது, வயிறு நீண்டது, மூச்சு இறங்கியது. கீழே சின்னப்பாவின் குரல் ஒன்றிரண்டு தடவை உயர்ந்தது. பிறகு மரியா ஏதோ சொன்னாள்.  சமையலறையில் தனக்கோடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது விஜி இன்னும் தலைகீழாகத்தான் இருந்தாள். அவன் மெத்தையின் ஓரத்தில், அவள் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தான். முட்டியைக் கட்டிக்கொண்டான்.

"சொல்லிட்டேன். புள்ள இல்ல, இனிமேயும் இருக்காதுன்னு சொன்னேன். கொக்கி இருக்கட்டும்னுட்டாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"பாவம்னாங்க."

"யார?"

"என்னய" என்றான். நம்பமுடியாதவன்போல இன்னொரு தடவை சொன்னான். "என்னயத்தான். மரியாக்கா என் தலையத் தடவிக் குடுத்து, பாவம்பா நீயின்னாங்க."

அவன் புறங்கையால் கண்ணைத் தேய்த்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கோயில் வாசலில் என்று விஜி தினமும் வாங்கிக்கொண்டு வந்த சொல் அது. அவன் இன்றைக்குத்தான் முதல் தடவையாக வாங்கியிருக்கிறான். ஒரு தடவைக்கே மனிதன் இப்படி உட்கார்ந்துவிட்டானே என்று நினைத்தபடி, அவள் தலைகீழாகத் தொங்கியவாக்கிலேயே கையை நீட்டி அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.